மார்பில் கட்டி, கையில் ரிப்போட்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி லாப்பில் இழையத் துண்டுகளை வெட்டி, நிறமூட்டி, கண்ணாடித் தட்டில் ஏற்றிப் பதோலஜி டொக்டரிடம் கொடுக்கிற வேலையைக் கன வருடம் பார்த்தவள். இப்போது வீட்டில் இருக்கிறேன், ஆனாலும் சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர் என்று யாராவது ரிப்போட்டைப் படம் பிடித்து அனுப்பி "அக்கா, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டபடிதான் இருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு ஐம்பது தடவை குரல்பதிவு அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இரத்தம் எடுத்துச் சோதித்தால் கட்டி கான்சரா இல்லையா என்று தெரியாதா?

தெரியாது. இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், பதிலைச் சொன்னால் நம்பவும் மாட்டார்கள், ஏனென்றால் ரத்தத்தில் பார்க்கிற "கான்சர் மார்க்கர்" என்று ஒன்றைக் காசு கொடுத்துச் செய்துகொண்டுதான் பாதிப்பேர் வருகிறார்கள். மார்புக்கு என்று செய்வது சி.ஏ. 15-3. அது மியூசின்-1 என்ற புரதத்தின் ஒரு துண்டு. பால் ஓடுகிற நாளத்தின் உட்பக்கக் கலங்களில், நாளத்தின் குழியைப் பார்த்தபடி இருக்கும் நுனியில் மட்டும் இந்தப் புரதம் இருக்கும், உதிர்ந்தாலும் நாளத்துக்குள்தான் உதிரும். கான்சர் கலத்துக்கு மேல் எது கீழ் எது என்ற ஒழுங்கு கெட்டுவிடுவதால் எல்லாப் பக்கமும் அது முளைத்து ரத்தத்துக்குள்ளும் உதிர்கிறது. கேட்க நல்ல சோதனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் கட்டி சின்னதாக இருக்கும்போது உதிர்வது மிகக் கொஞ்சம், அளவு ஏறவே ஏறாது. மறுபக்கத்தில் ஈரல் அழற்சி, ஈரல் சுருக்கம், சூலகக் கட்டி, கர்ப்பம், பால்கொடுக்கிற காலம், கான்சர் இல்லாத சாதாரண மார்புக் கட்டிகள் என்று எத்தனையோ காரணத்தால் அது கூடலாம்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் அக்கா, 50 வயது தாண்டியவர், தனியார் லாப் ஒன்றில் செய்த ரிப்போட்டில் 17 என்று வந்திருந்தது. பெரும்பாலான லாப்களில் 25 அல்லது 30 வரை சாதாரணம் என்று போடுவார்கள். அவர் அந்தத் தாளைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு ஏழு மாதம் கட்டியோடு திரிந்தார். துண்டு எடுத்துப் பார்த்தபோது கான்சர். மற்றது ஒரு தங்கச்சி, 24 வயது, கைக்குழந்தைக்காரி, அவளுக்கு 38. வீட்டில் செத்த வீடு மாதிரி அழுகை. கடைசியில் அவளுக்கு இருந்தது ஃபைப்ரோஅடினோமா, கான்சரே இல்லாத கட்டி.

இந்தச் சோதனையால் பிரயோசனமே இல்லை என்று சொல்லவில்லை. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது, மருந்து வேலை செய்கிறதா என்று அளவு ஏறி இறங்குவதைப் பார்க்க டொக்டர்மார் பாவிக்கிறார்கள். அதுக்கும் ஒரே லாப்பில், ஒரே முறையில் செய்தால்தான் எண்களை ஒப்பிடலாம். சி.ஈ.ஏ. என்று இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொடுப்பார்கள், அது 1965-ல் பெருங்குடல் புற்றுநோயில் கண்டுபிடித்தது, சிகரெட் குடிக்கிறவருக்குக் கான்சர் இல்லாமலே கொஞ்சம் கூடி நிற்கும். கட்டி என்னவென்று கண்டுபிடிக்க இரண்டும் உதவாது.

அப்போ எதை வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள்?

மூன்று விஷயத்தைச் சேர்த்து வைத்து. டொக்டர் கையால் பார்ப்பது, ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்) அல்லது மமோகிராம் (மார்பின் எக்ஸ்ரே படம்), பிறகு ஊசியால் எடுத்த துண்டு. இளம் பிள்ளைகளுக்கு மார்பு இழையம் அடர்த்தியாக இருப்பதால் ஸ்கான்தான் முதலில், வயது கூடினவர்களுக்கு மமோகிராமும் சேரும். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நிம்மதி. ஒன்று மட்டும் முரண்பட்டால், உதாரணத்துக்கு ஸ்கான் மோசமாகத் தெரிய, துண்டு "ஒன்றுமில்லை" என்று வந்தால், அதோடு விட்டுவிடக்கூடாது, திருப்பி எடுக்க வேண்டும். ஊசி கட்டியில் படாமல் பக்கத்துக் கொழுப்பில் பட்டிருக்கலாம்.

"பைராட்ஸ் 4" என்று வந்திருக்கு. நாலாம் கட்டமா?

இல்லை! இந்தக் குழப்பத்தால் ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்த வீட்டை எனக்குத் தெரியும். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்கான இலக்கம். 3 என்றால் கான்சராக இருக்க 100-க்கு 2-க்கு மேல் வாய்ப்பில்லை, கொஞ்ச மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். 5 என்றால் 95-க்கு மேல். 4 என்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அத்தனையும், அதாவது துண்டு எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று அர்த்தம். நோயின் கட்டம் என்பது முற்றிலும் வேறு கணக்கு, கான்சர் என்று உறுதியான பிறகுதான் அதைப் பார்ப்பார்கள்.

இன்னும் குழப்பம் வேண்டுமென்றால், மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கிற எஃப்.என்.ஏ.சி.க்கு சி1 முதல் சி5 வரை ஓர் இலக்கம், ட்ரூகட் என்று சொல்கிற தடித்த ஊசித் துண்டுக்கு பி1 முதல் பி5 வரை இன்னொன்று. சி1 என்றால் "நல்லது" இல்லை, "பார்க்கப் போதுமான கலம் வரவில்லை, திருப்பிக் குத்துங்கள்" என்று பொருள். சி1-ஐ நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவும் என்கிறார்களே?

இந்தக் கதைக்கு எங்கள் ஊர்களில் செத்துப்போனவர்கள் உண்டு, ஊசியால் அல்ல, ஊசிக்குப் பயந்து இருந்ததால். ஊசி குத்தியதால் நோய் உடம்பெல்லாம் பரவுவதில்லை. குத்துங்கோ.

துண்டை எடுத்து என்னத்தைப் பார்க்கிறார்கள்?

முதலில் சாதாரண நிறமூட்டல்தான், கரு ஊதாநீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரிகிற பழைய முறை. அனுபவமுள்ள பதோலஜி டொக்டருக்குப் பெரும்பாலான கட்டிகளில் அதுவே போதும். மார்க்கர் என்கிற புரதச் சோதனையெல்லாம் அதுக்குப் பிறகுதான், சந்தேகம் இருந்தால் மட்டும், அல்லது கான்சர் என்று தெரிந்து எந்த மருந்து என்று பார்க்கத்தான்.

விளங்கிக்கொள்ள ஒரு குளத்தை நினையுங்கள். மார்பின் பால்நாளத்தில் இரண்டு அடுக்குக் கலம் உண்டு. உள்ளே இருப்பது பால் சுரக்கிற, கடத்துகிற அடுக்கு. அதைச் சுற்றி வெளியே தசைத்தன்மையுள்ள இன்னோர் அடுக்கு, அதுதான் குளக்கட்டு. குளத்துக்குள் தண்ணி கலங்கலாம், பாசி பிடிக்கலாம், நிரம்பி வழியப் பார்க்கலாம், கட்டு நிற்கும் வரை ஊருக்குப் பயமில்லை. கான்சர் கலம் நாளத்துக்குள்ளேயே நிரம்பி நிற்பதை டி.சி.ஐ.எஸ். என்பார்கள், கட்டு உடையாத நிலை. கட்டை உடைத்து வயலுக்குள் இறங்கியதுதான் ஊடுருவிய கான்சர். வெள்ளத்துக்கு இரணைமடுக் குளத்தின் கதவைத் திறந்தாலே கீழே இருப்பவர்களுக்கு நித்திரை வராது, கட்டே உடைந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"பி63 பொசிட்டிவ்" என்று எழுதியிருக்கு. அது என்ன?

அந்தக் குளக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கிற மார்க்கர். வெளி அடுக்குக் கலங்களில் பி63 என்ற புரதம் கருவுக்குள் இருக்கும், நிறமூட்டினால் நாளத்தைச் சுற்றி மண்ணிறப் புள்ளிகள் மாலை கோத்த மாதிரித் தெரியும். அதே அடுக்கைக் காட்ட கல்போனின், மயோசின் கனச்சங்கிலி என்று இன்னும் சில புரதங்கள் உண்டு, அவை கருவில் இல்லாமல் கலத்தின் உடம்பில் நிறம் பிடிக்கும். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டையாவது சேர்த்துச் செய்வது வழக்கம், ஏனென்றால் பி63 புள்ளிபுள்ளியாக இருப்பதால் இடையில் இடைவெளி விழும், மற்றவை சில வேளை சாதாரண நார்க் கலங்களிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் பிடித்து ஏமாற்றும்.

இது கைகொடுக்கிற இடம் ஸ்க்லெரோசிங் அடினோசிஸ், ரேடியல் ஸ்கார் மாதிரியான தொந்தரவில்லாத நோய்கள். நாளங்கள் நாரிழையத்துக்குள் நசிந்து இழுபட்டு, பார்க்க அச்சு அசலாகக் கான்சர் மாதிரியே இருக்கும், மமோகிராமிலும் அப்படித்தான் நடிக்கும். பி63 போட்டுப் பார்த்தால் நசிந்த ஒவ்வொரு நாளத்தைச் சுற்றியும் மாலை அப்படியே இருக்கும். அந்த ஒரு தட்டால் ஒரு பெண்ணின் மார்பு தப்பும்.

ஆனால் "பி63 பொசிட்டிவ், அதனால் கான்சர் இல்லை" என்று நீங்களாக வாசிக்காதீர்கள். டி.சி.ஐ.எஸ்.ஸிலும் கட்டு இருக்கும், அதனால் அங்கேயும் சுற்றிவரப் பொசிட்டிவ்தான். மறுவளமாக, மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்று அபூர்வமான ஒன்று, கான்சர் இல்லை, ஆனாலும் அதுக்கு இந்த அடுக்கே கிடையாது, அங்கே அடிமென்சவ்வைக் காட்டுகிற நிறமூட்டலும் எஸ்-100 புரதமும் பார்த்துத்தான் பிடிப்பார்கள். எது, எங்கே, எந்தக் கலத்தில் நிறம் பிடித்தது என்பதுதான் விஷயம்.

இந்த நிறத்தை எப்படி வரவைக்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி, ஒருத்தரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். துண்டை ஃபோர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் இறுக்கி, 4 மைக்ரோன் தடிப்பில் சீவுவோம், தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லிசு. சீவும்போது ரிப்பன் மாதிரிச் சுருண்டு வரும், மூச்சு விட்டாலே பறந்துவிடும், மெல்லிய தூரிகையால் எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணியில் மிதக்கவிட்டால் சுருக்கம் எல்லாம் விரிந்து நிற்கும், கண்ணாடித் தட்டைக் கீழே விட்டு அப்படியே தூக்க வேண்டும். பிறகு நாங்கள் தேடுகிற புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கிற பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள், அதோடு ஒட்டிய நொதியம் ஒரு நிறப்பொருளை மண்ணிறமாக்கும். புரதம் இருக்கிற இடம் மண்ணிறம், மற்றது நீலம். ஒரே ஒரு புரதத்தை மட்டும் குறிபார்க்கிற பிறபொருளெதிரியைச் செய்கிற வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள், 1984-ல் நோபல் பரிசு.

ஃபோர்மலின் புரதங்களை இறுக்கிக் கட்டிவிடுவதால் முதலில் அவற்றைச் சூடாக்கித் திறக்க வேண்டும். நான் பயிற்சிக்குப் போன ஒரு பெரிய லாப்பில் அதுக்கு வைத்திருந்தது பிரஷர் குக்கர். நாங்கள் பருப்பு அவிக்கிற அதே சாமான், விசிலோடு.

ஈ.ஆர். பொசிட்டிவ் என்றால் கான்சர் பொசிட்டிவ்தானே?

இல்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு "பொசிட்டிவ்" என்ற சொல்லைக் கண்டாலே நெஞ்சு பதறுகிறது எல்லோருக்கும்.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரஜன் ஓமோனைப் பிடித்துக்கொள்கிற புரதம், பி.ஆர். என்பது புரொஜெஸ்டரோனுக்கு. நோயில்லாத மார்பிலும் உள் அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈ.ஆர். உள்ள கலங்கள் இருக்கும், ஃபைப்ரோஅடினோமாவிலும் இருக்கும். ஆகவே கான்சரா இல்லையா என்று கேட்க இதைச் செய்வதில்லை. கான்சர் என்று தெரிந்த பிறகு "ஓமோனை மறிக்கிற மருந்து கேட்குமா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். 100 கான்சர் கலத்தில் ஒன்றில் நிறம் பிடித்தாலே பொசிட்டிவ் என்று எழுதுவார்கள், 1 முதல் 10 வரை என்றால் "குறைந்த பொசிட்டிவ்". பொசிட்டிவ் என்றால் தமொக்சிஃபென் மாதிரிக் குளிசைகள் பிரயோசனப்படும், அதாவது இங்கே பொசிட்டிவ் என்பது நல்ல செய்திப் பக்கம்.

ஹெர்-2 என்ற புரதமும் அதே போல. எல்லோருடைய கலத்திலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் 100 மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 வரையில் அதன் பரம்பரையலகு பல பிரதிகளாகப் பெருகி, புரதம் கலத்தைச் சுற்றி வேலி மாதிரி அடர்ந்து நிற்கும். 0, 1+, 2+, 3+ என்று எழுதுவார்கள். 3+ பொசிட்டிவ். 2+ என்றால் இழுபறி, ஃபிஷ் என்று இன்னொரு சோதனை செய்து பரம்பரையலகை எண்ணிப் பார்க்க வேண்டும், அது வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டிராஸ்டுசுமாப் என்ற ஹெர்-2 மருந்து வந்த பிறகுதான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. அதுக்கு முதல் ஹெர்-2 என்றாலே கெட்ட சகுனம்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்று ரிப்போட் வந்ததும் "எல்லாம் நெகட்டிவ், கடவுள் காப்பாத்திப்போட்டார்" என்று கோயிலுக்குப் போனவரைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது எனக்கு. ஓமோன் மருந்துக் கதவும் ஹெர்-2 மருந்துக் கதவும் பூட்டு என்பதுதான் அதன் அர்த்தம், கீமோ மாதிரி வேறு கதவுகள் உண்டு, ஆனால் கெதியாகத் தொடங்க வேண்டும்.

"ஹைபர்ப்ளேசியா" என்று வந்தால் கான்சரா?

கலம் கூடியிருக்கு, அவ்வளவுதான். இதில் இரண்டு வகை. சாதாரண வகை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனம் மாதிரி: கிழவி, குழந்தை, காவடிக்காரர், கச்சான் விற்கிறவர், எல்லா வகையும் நெருக்கியடித்து. மற்றது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அணிநடை போகிற பிள்ளைகள் மாதிரி, ஒரே உடுப்பு, ஒரே உயரம், ஒரே இடைவெளி. இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது, ஏனென்றால் ஒரே கலத்திலிருந்து பெருகிய கூட்டம் அது. அதை ஏடிப்பிக்கல் ஹைபர்ப்ளேசியா என்பார்கள்.

கண்ணால் பிரிக்கக் கஷ்டமாக இருந்தால் சி.கே. 5/6 என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். கலப்புக் கூட்டத்தில் அது சிலதில் பிடித்துச் சிலதில் பிடிக்காமல் பலநிறப் பாய் மாதிரித் தெரியும். அணிநடைக் கூட்டத்தில் பொதுவாக ஒன்றிலும் பிடிக்காது, ஈ.ஆர். மட்டும் எல்லாவற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். சரி, ஏடிப்பிக்கலையும் சின்ன டி.சி.ஐ.எஸ்.ஸையும் எந்த மார்க்கர் பிரிக்கும்? ஒன்றும் பிரிக்காது. கலங்கள் ஒன்றுதான், எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம், 2 மில்லிமீற்றர் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஊசித் துண்டில் குளத்தின் ஒரு மூலைதான் வந்திருக்கும் என்பதால் வழக்கமாக அந்த இடத்தை வெட்டியெடுத்து முழுதாகப் பார்க்கச் சொல்வார்கள். ஏடிப்பிக்கல் உள்ளவருக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரை விட ஏறக்குறைய நாலு மடங்கு, ஆகவே வெட்டிய பிறகும் கிளினிக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள்.

எனக்கு 22 வயது, ஃபைப்ரோஅடினோமா. மார்க்கர் ஏதும் செய்ய வேணுமா?

வேண்டாம். கைக்குள் வழுக்கி ஓடுகிற அந்தக் கட்டிக்கு ஸ்கானும் ஊசியும் போதும். பெரிதாகிறதா என்று மட்டும் பாருங்கள். கெதியாக வளர்கிற கட்டி ஃபிலோட்ஸ் என்ற வேறொன்றாக இருக்கலாம், இரண்டும் ஒரே குடும்பம், ஊசித் துண்டில் பிரிப்பது பதோலஜி டொக்டருக்கே தலையிடி. அதனால்தான் சில ரிப்போட்டில் "ஃபைப்ரோஎபிதீலியல் கட்டி" என்று மட்டும் எழுதி நிறுத்துவார்கள். கி-67 என்று கலம் பெருகும் வேகத்தைக் காட்டுகிற மார்க்கர் ஒன்று உண்டு, ஜெர்மனியின் கீல் நகரத்தில் 67-ம் இலக்கக் குழியில் கிடைத்ததால் அந்தப் பெயர், அது கூடியிருந்தால் சந்தேகம் கூடும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரும் முடிவு சொல்வதில்லை. முழுதாக வெட்டியெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செல் (எறிகணை) துண்டு பட்ட இடத்தில் கட்டி வந்திருக்கு. கான்சரா?

இந்தக் கேள்வி எங்கள் சனத்தின் கேள்வி. 2009-ல் போரில் பட்ட சன்னம் இன்றைக்கும் உடம்புக்குள் கிடக்க வாழ்கிறவர்கள் எத்தனை பேர். மார்பில் அடிபட்டாலோ வெட்டுப்பட்டாலோ உள்ளே இருக்கும் கொழுப்பு செத்து, கல் மாதிரி இறுகி, மேல்தோலையும் உள்ளே இழுத்து, கான்சர் போலவே நடிக்கும். கொழுப்பு நசிவு என்பார்கள். மாதக்கணக்கில் கழித்தும் தெரியவரலாம், வருடக்கணக்கில் சுண்ணாம்பு படிந்தும் கிடக்கலாம்.

துண்டில் பார்த்தால் செத்த கொழுப்பை விழுங்கி நுரை நுரையாக ஊதிய கலங்களும் பல கரு உள்ள பெரிய கலங்களும் இருக்கும். சில நேரம் இந்த நுரைக் கலங்களுக்கு நடுவே கான்சர் கலம் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகம் வரும், அப்போது சைற்றோகெராட்டின் மார்க்கர் போடுவார்கள். கான்சர் கலத்தில் அது பிடிக்கும், நுரைக் கலத்தில் பிடிக்காது, அதில் பிடிப்பது சி.டி.68.

அடிபட்டதால் கான்சர் வராது. ஆனால் அடிபட்ட இடம் என்று தடவிப் பார்க்கப்போய் முன்னமே இருந்த கட்டி கையில் படுவது உண்டு, ஆகவே "அது அந்தச் செல் துண்டுதான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் காட்டுங்கள். மார்பில் மட்டுமில்லை, உடம்பில் எங்கே இரும்பு கிடந்தாலும் எம்.ஆர்.ஐ.க்கு முதல் கட்டாயம் சொல்லுங்கள், காந்தம் அதை அசைக்கலாம். ஸ்கானுக்கும் மமோகிராமுக்கும் பயமில்லை, மமோகிராமில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

சீழ் வடிகிற கட்டி?

பால்கட்டி சீழ்பிடித்திருக்கலாம், கிரனுலோமா அழற்சியாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். இங்கே கான்சர் மார்க்கரை விட காசநோய்க் கிருமியைத் தேடுகிற நிறமூட்டலும் ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற காசநோய்ச் சோதனையும் பிரயோசனம். அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காத சிவப்பும் வீக்கமும் என்றால் துண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அழற்சி மாதிரி வருகிற கான்சரும் ஒன்று உண்டு.

அக்குள் கட்டியில் "காட்டா-3 பொசிட்டிவ்" என்றிருக்கே?

"இந்தக் கான்சர் எங்கேயிருந்து வந்தது?" என்ற கேள்விக்கான பதில் அது, மார்பிலிருந்து வந்திருக்கலாம் என்று காட்டுகிறது. ஊர்க்காரர் பேச்சைக் கேட்டு எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்கிற மாதிரி. நோயில்லாத மார்புக் கலத்திலும் அது இருக்கும். மமக்ளோபின், ஜி.சி.டி.எஃப்.பி.-15 என்பவையும் இதே வேலைக்குத்தான். கடைசியாகச் சொன்னதுக்குப் பெயர் வந்ததே மார்பில் வருகிற தொந்தரவில்லாத நீர்க்கட்டியின் தண்ணியில் அதைக் கண்டதால்தான், அதை இன்றைக்குக் கான்சரின் ஊரைக் கேட்கப் பாவிக்கிறார்கள். ஈ-கெடெரின் என்று இன்னொன்று: கலத்தோடு கலத்தை ஒட்டுகிற பசை. லொபியூலர் வகைக் கான்சரில் அந்தப் பசை இல்லாமல் போவதால் கலங்கள் ஒற்றை வரிசையில் எறும்பு போல ஊர்ந்து போகும், கையால் தடவினால் கட்டியாகத் தெரியவும் தாமதிக்கும்.

துண்டைப் போத்தலில் போட்டு எங்கள் கையில் தந்துவிட்டார்கள். என்ன கவனிக்க வேணும்?

இதை நான் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த மார்க்கரும் துண்டின் தரத்துக்கு மேல் போகாது.

போத்தலில் இருக்க வேண்டியது 10 வீத நடுநிலை ஃபோர்மலின். சேலைனோ தண்ணியோ ஸ்பிரிட்டோ இல்லை. துண்டைப் போல குறைந்தது பத்து மடங்கு ஃபோர்மலின் வேண்டும். வாய் அகன்ற போத்தல் வேண்டும். ஒருமுறை தேசிக்காய் அளவு கட்டியை ஒரு தனியார் இடத்தில் வெட்டி, கழுத்து ஒடுங்கிய மருந்துப் போத்தலில் திணித்து, மேலே இரண்டு விரல் ஃபோர்மலின் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். அவரின் மகன் சித்திரை வெயிலில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மெத்தென்று உள்ளே போன துண்டு ஃபோர்மலினில் இறுகிவிட்டது, வெளியே வராது. துணியைச் சுற்றிச் சுத்தியலால் போத்தலை உடைத்தோம். குறுக்கே வெட்டினால் வெளி இறுகி வெளிறி, நடு இன்னும் பச்சையாக, அரைவேக்காட்டு முட்டை மாதிரி, மணமும் மாறத் தொடங்கியிருந்தது. ஈ.ஆர். போட்டபோது ஓரத்தில் மட்டும் நிறம், நடுவில் ஒன்றுமே இல்லை. நல்லகாலம், முன்னால் எடுத்த ஊசித் துண்டின் மெழுகுக் கட்டை இருந்தது, அதில் திருப்பிச் செய்தபோது முழுக்கப் பொசிட்டிவ். அது இல்லாமல் போயிருந்தால் "நெகட்டிவ்" என்று எழுதி அவருக்குக் குளிசையே கிடைக்காமல் போயிருக்கும்.

ஆகவே, வெட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோர்மலினுக்குள் போக வேண்டும், பெரிய துண்டென்றால் லாப்பில் கீறி உள்ளே ஃபோர்மலின் இறங்க வைக்க வேண்டும், 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72-க்கு மேல் போகாமலும் அதில் இருந்தால் ஓமோன், ஹெர்-2 சோதனைக்கு நல்லது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டி, திங்கள் போயா லீவு என்றால், செவ்வாய்க்குத்தான் போத்தலைத் திறப்பார்கள், கணக்குப் பாருங்கள். எத்தனை மணிக்கு வெட்டியது என்று போத்தலிலும் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஐஸ்பெட்டியில் வைக்கத் தேவையில்லை, வெயிலில் வைக்காதீர்கள், மூடி இறுக்கமா என்று பாருங்கள், முகராதீர்கள். மெழுகுக் கட்டை வருடக்கணக்கில் கெடாது, வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ரிப்போட்டோடு அதையும் கேட்டு எடுக்கலாம்.

பி.ஆர்.சி.ஏ. என்றும் ரத்தத்தில் பார்க்கிறார்களே, முதலில் ரத்தம் வேண்டாம் என்றீர்கள்?

அது பரம்பரையாக வருகிற பிழையான பரம்பரையலகைத் தேடுவது, ஒன்று 1994-லும் மற்றது 1995-லும் அடையாளம் கண்டார்கள். உங்கள் உடம்புக்கு வாய்ப்புக் கூடவா என்று அது சொல்லும், கையில் இருக்கிற கட்டி என்னவென்று சொல்லாது. அம்மா, சகோதரி, சின்னம்மா என்று இளம் வயதில் பலருக்கு வந்திருந்தால் டொக்டரோடு கதையுங்கள்.

எங்கே போய்க் காட்டுவது?

கட்டி இருந்தால் நேரே கிட்டடி ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கிளினிக், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எது கிட்டவோ அது. கட்டி ஒன்றும் இல்லை, 35 வயது தாண்டிவிட்டது என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் மார்பையும் பார்ப்பார்கள், குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாள் சொல்லுவா. கான்சர் என்று உறுதியானால் தெல்லிப்பழை அல்லது மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். ஆம்பிளைகளுக்கும் வரும், 100 மார்பகப் புற்றுநோயில் ஒன்று அளவில், ஆனால் அவர்கள் சேட்டைக் கழற்றிக் காட்ட வெட்கப்பட்டே காலத்தைக் கடத்துவார்கள்.

ரிப்போட்டை அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா அக்கா?

பார்ப்பேன், ஆனால் மார்க்கர் வரியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். எந்தத் துண்டு, எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீற்றர், கடைசியில் பதோலஜி டொக்டர் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார், அந்தப் பக்கம்தான் எனக்கு முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாளை மேசையில் விரித்து, வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். பேரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கிற இடத்தை விரலால் மறையுங்கள். இரவு பத்துக்குப் பிறகு அனுப்பினால் காலையில்தான் பதில்.